பழி ஏற்கும் பயிற்சி

"ஆஸ்மா பேரை அடிச்சிட வேண்டியதுதான்."

ரத்னவேல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அறையில் வேறு யாரும் இல்லை.

பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் அவர் துணை இயக்குநர். அங்குள்ள இன்ஜினியர்களில் நாலு பேரைப் பொறுக்கி, நாளைய தலைவர்களாக ஆக்குகிறோம் என்று ஆறு மாதமாக ஒரு பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஆஸ்மாவுக்கு அவர்தான் மென்ட்டர். அவர் 'தகுதி உண்டு' என்று எழுதினால் ஆஸ்மா டீம் லீட். எழுதாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஏழு வருஷம் காத்திருந்தவள்.

நேற்று காலை வரை எழுதுவதாகத்தான் இருந்தார். பரீட்சை தொடங்கும் நேரம் பார்த்து லாகின் சர்வர் படுத்துவிட்டது. இரண்டாயிரம் மாணவர்கள் நாற்பது நிமிடம் வெற்றுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். காரணம், முந்தின நாள் ஆஸ்மா போட்ட ஓர் அப்டேட். பரீட்சை வாரத்தில் துணை இயக்குநரின் அனுமதி இல்லாமல் சர்வரில் யாரும் கைவைக்கக் கூடாது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குக்கூட அது தெரியும்.

இன்று காலை விசாரணைக் கூட்டத்தில் இயக்குநர் ஆங்கிலத்தில் கேட்டார். "யார் அனுமதித்தது?"

ஆஸ்மா எழுந்து நின்றாள். "என் டீம் செய்த வேலை. முழுப் பொறுப்பும் என்னுடையது."

கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ஆனால் பழி போட ஓர் ஆள் கிடைத்துவிட்டால் அப்புறம் யார் பதிலைத் தேடப்போகிறார்கள்? கூட்டம் கலைந்தது. கலையும் முன் ரத்னவேலும், "இவரை நான் இன்னும் பக்குவப்படுத்த வேண்டியிருக்கிறது" என்று வருத்தத்தோடு ஒரு வார்த்தை போட்டுவைத்தார். மென்ட்டர் பேர் கெட்டுவிடக் கூடாது பாருங்கள்.

மத்தியானம் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அப்ரூவல் இல்லாமலா போட்டே?"

"முடிஞ்சுபோச்சு லா சார். விடுங்க."

"யாரையோ காப்பாத்துறே. உன் டீம் ஷாஹித்தா?"

"அவர் இல்ல சார். அவர் பாவம்."

"பின்னே யாரு?"

"அஞ்சு மணிக்குள்ள உங்க ரிப்போர்ட் போகணும் சார்" என்று மட்டும் நினைவுபடுத்திவிட்டுப் போனாள்.

ரத்னவேலுக்கு எரிச்சல் வந்தது. ஆறு மாதம் தொண்டை வறளப் பேசியிருக்கிறார், இந்தப் பெண்ணுக்குத் தன்னிடம் உண்மை சொல்லத் தோன்றவில்லையே! ஷாஹித்துக்கே போன் போட்டார்.

"மறைக்காமச் சொல்லு. அந்த அப்டேட்டுக்கு யார் ஓகே கொடுத்தது?"



"சார்... அது உங்க போன்லயே இருக்கு. நம்ம மூணு பேர் சாட் க்ரூப்ல புதன்கிழமைக்குப் போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார். புதன், மதியம் பன்னிரண்டு ஐம்பது. ஆஸ்மா எழுதியிருந்தாள்: 'சார், பரீட்சை வாரம்கிறதால உங்க ஓகே வேணும். லாகின் சர்வர் அப்டேட்டை இன்னிக்கே போடலாமா?'

கீழே மஞ்சளாக ஒரு கட்டைவிரல். தொட்டுப் பார்த்தார். ரத்னவேல் என்று அவர் பெயரைத்தான் காட்டியது.

அன்று தேக்கா சந்தையில் பிரியாணிக்கு வரிசையில் நின்றது ஞாபகம் வந்தது. நின்ற நேரத்தில் போனுக்கு வந்த பதினேழு செய்திகளுக்கும் வரிசையாகக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனதும்தான். ஒன்றையும் படித்த ஞாபகம் மட்டும் வரவில்லை.

விறுவிறுவென்று ஆஸ்மாவின் மேசைக்குப் போனார். குரல் தானாகவே இறங்கிவிட்டது.

"காலையில ஏம்மா சொல்லல?"

"நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க. டீம்ல யார் தப்பு பண்ணாலும் பழிய லீடர்தான் ஏத்துக்கணும்னு."

"நான் உன் டீம் இல்லியேம்மா!"

"டீம்ல யார் யார்னு நீங்க பிரிச்சுச் சொல்லலியே சார்." சிரித்தாள். "அத்தனை பேர் முன்னாடி உங்களைக் காட்டிக்கொடுக்க மனசு வரல. ஷாஹித்தும் வெளியில பேசமாட்டார், நான் சொல்லிட்டேன். என்ன எழுதணுமோ நீங்களே எழுதுங்க."

ரத்னவேலுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. இப்படி ஒருத்தியையா சந்தேகப்பட்டோம் என்று கூசிப்போனார்.

அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு ரிப்போர்ட்டைத் திறந்தார். தலைமைக்குத் தகுதி உண்டா? 'உண்டு' என்ற இடத்தில் விரலைக் கொண்டுபோனார். நேற்று நடந்ததற்குப் பிறகு உண்டு என்று எழுதினால் இயக்குநர் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் கட்டைவிரல் வெளியே வரும். போதாக்குறைக்கு, இயக்குநர் செப்டம்பரில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு அடுத்த பேர் ரத்னவேலுடையது.

நாலு ஐம்பத்தைந்து வரை விரல் அங்கேயே நின்றது. பிறகு பெருமூச்சு விட்டு, 'இல்லை' என்பதை அழுத்தினார்.

கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருந்தது. 'நீங்கள் கற்றுக்கொடுத்ததை இவர் எந்த அளவுக்குக் கடைப்பிடித்தார்?'

எழுத்தில் பொய் சொல்லும் பழக்கம் ரத்னவேலுக்குக் கிடையாது. 'முழுமையாக' என்று எழுதி அனுப்பிவைத்தார்.