பூசணமா, கசடா?

"ஒளிக்காம சொல்லுங்க ஐயா. கேன்சர்தானே?"

இருளப்பன் கேட்டேவிட்டார். பக்கத்தில் மனைவி வெள்ளையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காய்ச்சலும் நீர்க்கடுப்புமாக யட்டியாந்தோட்டையிலிருந்து வந்தவர். புரொஸ்டேட் சுரப்பியில் கறுப்பாக என்னவோ தெரிகிறது என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

டொக்டர் ஜுனைதீன் வெளிச்சப் பெட்டியில் இரண்டு ஸ்கேன் படங்களை மாட்டினார்.

"இது உங்கட. அது வேறொருத்தர்ட. ரெண்டுலயும் கறுப்பு ஈக்கிது. நீங்க என்ன வேல?"

"ரப்பர் ஸ்டோர்ல தரம் பிரிக்கிறதுங்க. முப்பது வருசமா ஷீட்டை வெளிச்சத்துல புடிச்சுப் பாக்குறேன்."

"அப்ப இதையும் பாருங்களே!"

அழ வந்த மனிதர், தொழில் என்றதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"என்னோடது பூசணம் புடிச்ச மாதிரி பூரா படர்ந்திருக்குங்க. இந்த மாதிரி ஷீட்டைத் துடைச்சுக் காயவச்சா தேறிரும். அந்தாளோடது ஒரே எடத்துல முடிச்சா உக்காந்திருக்கு. ரப்பர் பால் உறையும்போதே உள்ள விழுந்த கசடு மாதிரி. வெட்டித்தான் எடுக்கணும்."

டொக்டர் அசந்து போனார். "நான் வருசக்கணக்கா படிச்சத ஒரு நிமிசத்துல சொல்லிட்டீங்க! உங்களுக்குக் கிருமித் தொற்றுதான். படத்த மட்டும் நம்பல்ல, சதையெடுத்துச் சோதிச்ச ரிப்போட்டும் அதத்தான் சொல்லுது. ஆறு கிழம, ஒண்டர மாசம் மாத்திர போட்டா சொகமாயிடும்."

வெள்ளையம்மா கும்பிட்டபடி அழுதாள். ஆனால் என்ன மனிதர் இந்த இருளப்பன்! பிழைத்தோம் என்று எழுந்து ஓடவில்லை. இரண்டாவது படத்தின் முன்னாலேயே நின்றார்.

"அந்தாளுக்குத் தெரியுமாங்க?"

"தெரியும். வலியில்ல, காய்ச்சலில்ல. கொழும்புல ஒபரேசன் செய்யப் பயந்து நாளக் கடத்துறாரு."

"கோவிச்சுக்காதீங்க ஐயா, நல்லா அதட்டிச் சொல்லுங்க. கசடு சின்னதா இருக்கையிலயே வெட்டிட்டா ஷீட்டு மொதல் தரத்துக்கே போகும். விட்டா முழுசும் கழிவுதான். அவருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருப்பாங்கல்ல?"

"ஈக்கிறாங்க," என்றார் டொக்டர் மெதுவாக.

அவர்கள் போனதும் தாதி விஜயகலாவைக் கூப்பிட்டார். "மிஸ், அடுத்த கிழமையிலிருந்து என்னப் பாக்க யாருக்கும் நம்பர் குடுக்க வேணாம். நான் கொழும்புக்குப் போகணும்."

"எத்தனை நாளைக்கு, டொக்டர்?"

அவர் இரண்டாவது படத்தைக் கழற்றி அதன் உறையில் போட்டு நீட்டினார். வாங்கிய விஜயகலா அதைத் திருப்பிப் பார்த்தாள். உறையில் நோயாளியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், 'ஜுனைதீன்' என்று எழுதியிருந்தது.