தண்டையலின் தகப்பன்

"பிள்ளை, ஆயிரத்துத் தொளாயிரத்துப் பத்திலையிருந்து இருபது மட்டும் உள்ள கலியாணப் பதிவு முழுக்கப் பாக்க வேணும். மாப்பிள்ளை பேர் வேலாயுதம். வல்வெட்டித்துறை."

சோமசேகரம் படிவத்தை நீட்டிவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். எழுபத்து மூன்று வயது. பருத்தித்துறை பஸ்ஸில் நின்றபடியே வந்ததில் மூச்சு வாங்கியது.

பருத்தித்துறைப் பதிவுக் கந்தோர் எழுதுவினைஞர் தயாளினி படிவத்தைப் பார்த்தாள். "மாப்பிள்ளையின்ரை தகப்பன் பேர் எழுதேல்லை ஐயா."

"அதைத் தேடித்தானே பிள்ளை வந்தனான். கலியாணம் பதியேக்கையெண்டாலும் சொல்லித்தானே இருப்பார்."

"ஆர் உங்களுக்கு இவர்?"

"என்ரை அப்பான்ரை அப்பா. பாய்க்கப்பல் தண்டையல். பர்மாவுக்கு அரிசி ஏத்தப் போனவர்."

கப்பலை நடத்திப் போகிறவர்தான் தண்டையல். வேலாயுதர் கடலை நன்றாக அறிந்தவர். தன்னைப் பற்றி மட்டும் ஒருவருக்கும் சொன்னதில்லை. பத்து வயதில் யாருடைய கப்பலிலோ வந்து இறங்கினாராம். எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை என்று கடைசிவரை வாய் திறக்கவில்லை மனுசன். காணி உறுதிப் பத்திரங்களில் எல்லாம் 'தண்டையல் வேலாயுதம்' என்றே இருந்தது. தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தொழில் வந்து குந்தியிருந்தது. அவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்த கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்திலும் வம்சம் அவரோடுதான் தொடங்கியது, ஏதோ வானத்திலிருந்து குதித்தவர் மாதிரி.

"கல்வெட்டு ஏதும் அடிக்கப் போறியளோ ஐயா?"

"இல்லைப் பிள்ளை. மகனுக்கு அந்தியேட்டி செய்யவேணும்."

தயாளினி நிமிர்ந்து பார்த்தாள்.

ஒரே மகன் கிருஷாந். இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில், சண்டை முடிந்து சரணடைந்த இடத்தில், ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் தெரியும். பதினாறு வருடமாகக் கணவனும் மனைவியும் அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நின்றார்கள். நாலு வருடத்துக்கு முன் சோமசேகரத்துக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அந்தப் பயம் பிடித்தது. தானும் கண்ணை மூடிவிட்டால் பிள்ளைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆள் இல்லை.

"தகப்பன் நான் உயிரோடை இருக்கிறபடியால், எனக்கு மேலை மூண்டு தலைமுறைப் பேர் வேணுமெண்டு ஐயர் சொன்னவர். அப்பாவும் பாட்டனும் சரி. மூண்டாவதுதான் இல்லை."

"தெரியாட்டில் சிவபெருமான்ரை பேரைச் சொல்லலாம் எண்டல்லோ சொல்லுறவை?"

"ஐயரும் அதைத்தான் சொன்னவர். மனிசி ஒத்துக்கொள்ளுறா இல்லை. ஆரெண்டு தெரியாதவங்களை நம்பிக் குடுத்துத்தானே பிள்ளையைத் துலைச்சனாங்கள், மேலையும் ஆரெண்டு தெரியாத ஆளிட்டைக் குடுக்கப் போறியளோ எண்டு கேக்கிறா."

மனைவி செல்வநாயகி சொன்னது நியாயமாகவே பட்டது. அவள் சொன்ன இடமெல்லாம் அலைந்தார். மன்னாருக்குப் போனார், ஊர்காவற்றுறைக்குப் போனார், கடல் கடந்து வேதாரணியம்வரை போய் வெறுங்கையோடு வந்தார். பருத்தித்துறைப் பதிவுப் புத்தகங்கள் சண்டைக்குள் எரிந்துவிட்டதாக அவளிடம் யாரோ சொன்னார்களாம். அதனால் பக்கத்தில் இருந்த கந்தோரை விட்டுவிட்டார். போன கிழமை சந்தையில் ஒருவர், "ஆர் சொன்னது? எல்லாம் பத்திரமாய்க் கிடக்கு" என்றார். பேர் கிடைத்தால் சொல்லலாம் என்று வீட்டில் மூச்சுவிடாமல் வந்திருந்தார்.

தயாளினி உள்ளே போனாள். ஒரு மணித்தியாலம் கழித்துத் தலையெல்லாம் தூசியாக, தடித்த புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கிடைச்சிட்டுது ஐயா. வேலாயுதம், தொழில் கப்பலோட்டி. தகப்பன் முத்துக்குமாரு."

"முத்துக்குமாரு" என்று சோமசேகரம் சொல்லிப் பார்த்தார். இன்னொரு தரம் சொன்னார். பெயர் வாய்க்கு வந்ததும் அழுகையும் வந்துவிட்டது. இனி ஒரு தடையும் இல்லை. கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போய் முழுகி, கிருஷாந் என்று பேர் சொல்லி, பிள்ளையை அனுப்பிவிடலாம். இத்தனை நாள் இதற்குத்தானா ஓடினோம் என்று தோன்றியது.

"அழாதேங்கோ ஐயா. பிரதி எழுதித் தாறன். நீங்களும் ஒருக்கால் சரிபாருங்கோ."

அவள் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாசித்து முடித்ததும் அவர் விரல் பக்கத்தின் ஓரத்தில் போய் நின்றது. அப்போது போன் அடித்தது.

"எங்கையப்பா நிக்கிறியள்? பருத்தித்துறையிலை கண்டதெண்டு பக்கத்து வீட்டு நிரோஜா சொல்லுறாள்." செல்வநாயகியின் குரல் நடுங்கியது. "கந்தோருக்கே போனனீங்கள்? பேர் கிடைச்சதோ?"

"இல்லையப்பா" என்றார் சோமசேகரம். "இஞ்சையும் இல்லையாம். நான் சாப்பாட்டுக்கு வந்திடுவன்."

போனை வைத்துவிட்டு, தான் எழுதிக் கொடுத்த படிவத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

தயாளினி திகைத்துப்போனாள். "ஏன் ஐயா அம்மாவுக்குப் பொய் சொன்னியள்? பேர்தான் கிடைச்சிட்டுதே."

"தாய்க்காரிக்கு மகன் இன்னும் உயிரோடை இருக்கிறான் பிள்ளை. இருந்திட்டுப் போகட்டும்."

அவர் விரல் வைத்துக் காட்டிய ஓரத்தில், அதே பதிவுக்கு நாலு வருடத்துக்கு முன்பே பிரதி ஒன்று கொடுத்ததாகக் குறித்திருந்தது. பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து, செல்வநாயகி சோமசேகரம்.