கதாநாயகன் மேல் கோபம்

ஆர்.கே.பேட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்து வந்த எவாஞ்சலின், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரூபஸின் பக்கத்தில் நாவலை வைத்தாள்.

"போன மாசம் குடுத்தீங்களே, படிச்சிட்டேன்."

"எப்படி இருக்கு?"

"கதை நல்லாதான் இருக்கு. ஆனா அந்த ஹீரோவை நாலு அறை அறையணும்."

ரூபஸ் சிரித்தான். "பாவம், அவன் என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல, அதான் கோவம்! அவ பெட்டியைத் தூக்கிகினு ரயில் ஏறுறா. இவன் ஜன்னலாண்ட நின்னு பார்த்துகினே இருக்கான். வாயில என்ன கொழுக்கட்டையா?"

"போகாதேன்னு சொல்லி, அவ மாட்டேன்னுட்டா என்ன பண்றதுன்னு பயந்திருப்பான்."

"அவளுக்கு மட்டும் பயம் இல்லியா?"

ரூபஸ் நாவலைப் புரட்டினான். "இவ்ளோ திட்டுற, கடைசிப் பக்கம் மட்டும் ஏன் இப்படிக் கசங்கியிருக்கு?"

எவாஞ்சலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மூணு தடவை படிச்சேன். மூணு தடவையும் அழுதேன். ஆனாலும் பிடிச்சிருந்தது, போதுமா?"

ரூபஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் நீதிமன்ற டவாலி இருவர் பெயரையும் உரக்கக் கூப்பிட்டார். வக்கீல் ஓடி வந்தார்.

"சீக்கிரம் வாங்க. சம்மதமான்னு ஜட்ஜ் கேட்பாரு, ஆங்னு சொல்லிடுங்க. இன்னியோட உங்க விவாகரத்து முடிஞ்சிடும்."

ரூபஸ் எழுந்திருக்கவில்லை. "எனக்குச் சம்மதமில்ல சார்," என்றான்.

வக்கீல் திகைத்துப்போய் எவாஞ்சலினைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

கண் கலங்கியிருந்தும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவரு சம்மதமில்லன்னு சொல்றதுக்கு எனக்கு முழு சம்மதம் சார்!"