கடற்கரைப் பிள்ளை

"டீச்சர், எனக்கு நீச்சல் தெரியாது."

"தருவைகுளத்துக் கடக்கரைக்காரிக்கு நீச்சல் தெரியாதா? யாருகிட்டளா கத விடுத?" பி.டி. டீச்சர் சிரித்துக்கொண்டே ஜெமிமாவின் பெயரை நீச்சல் போட்டிக்கு எழுதிவிட்டார்.

அலையில் கால் நனைத்தாலே, "பொட்டப்பிள்ளைக்குக் கடல்ல என்ன வேல?" என்று தோலை உரிக்கும் அப்பாவைப் பற்றி டீச்சருக்கு எங்கே தெரியும்!

போட்டியன்று காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தாள்.

"தண்ணில எறங்குனா தன்னால சரியாயிரும்" என்றார் டீச்சர்.

நீச்சல்குளத்தின் விளிம்பில், ஆறு பள்ளிகளின் ஆறு மாணவிகளில் ஒருத்தியாக நின்றாள். ஓடலாமென்றால் பின்னால் டீச்சர். விசில் ஒலித்தது. ஜெமிமா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

யாரும் குதித்த சத்தமே கேட்கவில்லை. கண்ணைத் திறந்தாள். ஆறு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

பக்கத்தில் நின்றவள் நடுங்கியபடி கேட்டாள்: "ஏளா, நீ எந்தக் கடக்கரை?"