ஏழு தடவை தட்டின குளூட்டமேட்

குளூட்டமேட் ஏழாவது தடவையா கதவைத் தட்டினப்பதான் எல்லாம் நாசமாப் போச்சு.

குளூட்டமேட் ஒரு அமினோ அமிலம். மாசிலாமணி சார் மூளையில அதுக்குச் சேதி சொல்ற வேலை. நரம்பு செல்லோட கதவை ஒரே ஒரு தட்டு தட்டி, "சம்சாரம் பேரு கேக்குறாரு"ன்னு சொல்லணும். செல்லு உள்ளேர்ந்து "பூரணம்!"னு கத்தும். உடனே நரம்பு செல்லுக்குத் துணையா இருக்குற பக்கத்து செல்லு, ஆஸ்ட்ரோசைட் அண்ணன் வந்து, குளூட்டமேட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், சாதுவான குளூட்டமைனா மாத்திருவாரு.

"மனுசன் ஒரு வார்த்தை கூடுதலாப் பேச விடமாட்டேங்குறாரே!"ன்னு குளூட்டமேட்டுக்குத் தினமும் எரிச்சல்.

சாருக்கு அல்சைமர்ங்குற மறதி நோய் வந்ததுலேர்ந்து அண்ணனுக்கு உடம்பு முடியல. அன்னிக்கு அவரு வரவே இல்ல. குளூட்டமேட்டுக்கு ஒரே குஷி.

"பேரு கேக்குறாரு!"

"சொல்லிட்டேன்யா, கெளம்பு."

"நீ மறந்துட்டா? பேரு! பேரு!"

"யோவ், தலை வெடிக்குதுய்யா!"

ஏழாவது தட்டுக்கு உள்ளேர்ந்து சத்தமே வரல.

வெளியில, காபி நீட்டின பூரணத்தைப் பார்த்து மாசிலாமணி சார் கேட்டாரு: "ரொம்ப நன்றிம்மா. நீங்க யாரு?"

"நல்லதுக்குத்தானே தட்டினேன்?"னு குளூட்டமேட் இன்னும் அந்தக் கதவு மேல கையை வெச்சுக்கிட்டே நிக்குது.

உங்க வீட்டுக்கும் இப்படி ஒரு ஆள் வந்ததுண்டா? இல்ல, அந்த ஆளே நீங்கதானா?