ஆசையாகப் போட்ட சக்கரம்

கார் மேட்டில் பாதி வழியில் திணறி நின்றது. மறுபடி முதல் கியரைப் போட்டு மிதித்தாள். எஞ்சின் தொண்டை கிழியக் கத்தியது, கிளட்ச் கருகும் நாற்றம் மூக்கைத் துளைத்தது, வண்டி மட்டும் ஒரு அடி நகரவில்லை.

பின்னால் வரிசையாக நின்ற வண்டிகள் ஹாரனை விடாமல் அடித்தன. ஒருவன் ஜன்னலில் தலையை நீட்டி, "சக்கரத்துக்கு மட்டும் குறைச்சல் இல்ல. ஏறத்தான் துப்பு இல்ல!" என்று கத்தினான்.

அவளுக்குக் காது சூடேறியது. அவன் சொன்னதிலும் தப்பில்லை. தீப்பெட்டி மாதிரி சின்ன கார். அதில் ஜீப்புக்குப் போட வேண்டிய தண்டியில் பளபளவென்று நான்கு புதுச் சக்கரங்கள். அப்பாவின் பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்கப் பார்க்கும் குழந்தை போல இருந்தது.

"அழகா இருக்குமாம், அழகு!" ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினாள்.

மேட்டு உச்சியில் இருக்கும் மருத்துவமனையில் அவளுக்குத் தலைமை நர்ஸ் பதவி கிடைத்திருந்தது. செய்தி கேட்டதிலிருந்து கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு திடீரென்று ஒரு நாள் அவனே காரை எடுத்துப் போய்ச் சக்கரம் மாற்றி, பானெட்டில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான்.

"பெரிய பதவிக்குப் பெரிய சக்கரம்!" என்று சிரித்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நாள் அவனைத் தப்பாக நினைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாளே பிடித்தது சனியன். சமதரையில் சோம்பிச் சோம்பி நகரும் வண்டி, மேட்டைக் கண்டதும் படுத்துவிடும். அந்த உச்சிக்குப் பஸ் கிடையாது. காரைக் கீழேயே போட்டுவிட்டு மூச்சு வாங்க ஏறிப் போனால், வார்டில் பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"தலைமை நர்ஸே லேட்டா வந்தா வார்டு எப்படிம்மா உருப்படும்? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பொறுப்பை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்று நேற்றுத்தான் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

போன் அடித்தது. கணவன்.

"என்ன, மேடு ஏறிட்டியா?" தினமும் இந்த நேரத்துக்கு இதே கேள்விதான். அவ்வளவு அக்கறை!

"ஏறல! உங்க சக்கரத்தைக் கழற்றிக் குப்பையில போடுங்க!"

"கோவப்படாத. ஆசை ஆசையா போட்டது. போகப் போகப் பழகிடும்."

போனைப் பக்கத்து சீட்டில் வீசினாள். இவரைச் சொல்லி என்ன பயன்? பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனுஷன். விவரம் தெரியாத ஆள் தலையில் யாரோ நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறார்கள். ஹாரன்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் உருட்டித் திருப்பி, கணவன் சக்கரம் மாற்றிய அடிவாரத்து டயர் பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"யாருங்க இங்க முதலாளி?"

ஒரு லாரி டயரை உருட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "நான்தான். என்ன மேடம்?"

"இந்த எஞ்சினுக்கு இவ்வளவு பெரிய சக்கரத்தை இழுக்கத் தெம்பு இருக்கான்னு பார்க்க மாட்டீங்களா? எங்க வீட்டுக்காரருக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆசையா வந்த மனுஷனை ஏமாத்தி, விக்காம கிடந்ததைத் தலையில கட்டிட்டீங்களே!"

"மேடம், வார்த்தையைப் பார்த்துப் பேசுங்க."

"என் வேலையே போகப் போகுது, இதுல வார்த்தையை வேற பார்க்கணுமா? நாலு பேர் முன்னால தலை குனிஞ்சு நிக்கிறது நான். நீங்க சக்கரத்தை வித்துட்டு ஹாயா உட்கார்ந்திருக்கீங்க!"

வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பட்டறைக்காரர் கையிலிருந்த டயரைத் தடாலென்று கீழே போட்டார்.

"யாரு யாரை ஏமாத்தினது? வேண்டாம் சார், வேண்டாம் சார்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்! சின்ன எஞ்சின், சக்கரம் பெரிசானா இழுவை போயிடும், சமதரையில எப்படியோ ஓடும், ஆஸ்பத்திரி மேடு மட்டும் ஏறவே ஏறாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வேணும்னா இங்க இருக்கிற எல்லாரையும் கேளுங்க!"

"ஏறாதுன்னு சொன்னீங்களா?"

"சத்தியமா சொன்னேன்."

"பொய்! சொல்லியிருந்தா அவர் ஏன் போடச் சொல்லப் போறார்?"

பட்டறைக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவள் சீருடையையும் நெஞ்சில் குத்தியிருந்த 'தலைமை நர்ஸ்' அட்டையையும் அப்போதுதான் கவனித்தவர் போல, திறந்த வாயை மூடிக்கொண்டார். முகத்திலிருந்த கோபம் அப்படியே வடிந்தது.

"விடுங்க மேடம். உங்க பழைய சக்கரம் உள்ளதான் கிடக்கு. அதையே மாட்டித் தர்றேன். உட்காருங்க."

அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "நீங்க சொன்னதுக்கு அவர் என்ன சொன்னார்? அதைச் சொல்லுங்க முதல்ல!"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தலை குனிந்துகொண்டார்.

"'ஏறாதுல்ல? அப்ப அதையே மாட்டுங்க'ன்னார், மேடம்."