கை நனைத்தல்

நாவலில் அந்தப் பெண் மாதுளம்பழத்தைக் கையில் எடுத்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது.

ஞானஜோதி அடுப்படிக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, பட்டுப் புடவை கசங்கினால் கசங்கட்டும் என்று தரையில் உட்கார்ந்து படித்தாள்.

தாம்பரம் வாடகை நூலகத்தில் எடுத்த ஆங்கிலப் புத்தகம். கிரேக்கப் புராணத்தை வைத்து யாரோ எழுதியது. பாதாளத்து ராஜா அவள் வயசுப் பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அங்கே ஒரு வாய் தின்றால் போதும், அப்புறம் மேலே வர முடியாது.

தின்னாதேடி சனியனே, என்று அவளைத் திட்டினாள்.

கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா கறாராகச் சொல்வது கேட்டது. சம்பந்தம் பேசி முடித்தால்தான் இந்த வீட்டில் கை நனைப்பார்களாம்.

ஞானஜோதிக்கு உயிர் வந்தது. இந்தக் கீழ்க்கட்டளை ஊருக்கும் பாதாளத்துக்கும் சட்டம் ஒன்றுதான் போலிருக்கிறது.

அவர்கள் சாப்பிடாமல் எழுந்து போனால் திங்கட்கிழமை அவள் காலேஜுக்குப் போகலாம். சாப்பிட்டுவிட்டால் கல்யாணம். காலேஜ் அத்தோடு சரி என்று அப்பா அடித்துச் சொல்லியிருந்தார். அவர் கொடுத்த மாப்பிள்ளை போட்டோவை வீம்புக்குப் பார்க்காமலே கவிழ்த்து, புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகி வைத்திருந்தாள்.

கொல்லை வழியாக ஓடலாம் என்றால், பக்கத்துச் சந்தும் வாசலில்தான் போய் முடிந்தது.

அந்தச் சந்து வழியாக ஒரு ஆள் வந்து கொல்லைக் கதவருகே நின்றான். ஒரு கையில் கார் சாவி, ஒரு கையில் காலி வாளி, சட்டையெல்லாம் கிரீஸ். வண்டி சூடேறிவிட்டது, ஊற்றத் தண்ணீர் வேண்டும் என்றான். கண் என்னவோ சாம்பார்ச் சட்டியின் மேலேயே இருந்தது.

பசித்த முகத்தைப் பார்த்தால் அவளுக்குத் தாங்காது.

“அவங்கதான் கை நனைக்க மாட்டாங்களாம். உங்களுக்கு இன்னா டிரைவர் அண்ணா, ஒக்காந்து சாப்புடுங்க.”

“அதானே, எனக்கு இன்னா!” என்று சிரித்துக்கொண்டே சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

சாம்பார், ரசம், மோர் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. குழாயில் கை கழுவிவிட்டு, வாளியில் தண்ணீரோடு சந்து வழியே போனான்.

அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் தன் இஷ்டப்படி அவள் செய்த ஒரே காரியம் அதுதான்.

கொஞ்ச நேரத்தில் கூடத்தில் ஒரே சிரிப்பு. அம்மா முத்தாலம்மாள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

“இனிமே பேச இன்னா கீதுடி? மாப்ளயே நம்ம வூட்ல கை நனைச்சிட்டாராம்!”

ஞானஜோதி புத்தகத்தைத் திறந்து, போட்டோவை முதல் தடவையாகத் திருப்பிப் பார்த்தாள்.

அதே முகம். மீசையில் மோர் மட்டும் இல்லை.